மணவாளக்குறிச்சி மணலை வைத்து சீனாவிடம் பேரம் பேச முடியுமா?

கடப்புறத்தான் | 2025 டிசம்பர் 1, இரவு 9.40

காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்குப் போன வாரம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தாச்சு. ஏப்ரல்ல சீனா அருமண் (காந்தத்துக்கு வேண்டிய அரிய உலோகங்கள்) ஏற்றுமதிக்குப் பூட்டு போட்டதும் நம்ம நாட்டு கார் கம்பெனிகள் உரிமத்துக்காகக் காத்துக் கிடந்தது எல்லாருக்கும் தெரியும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை பட்டியல்ல சீனா, பிரேசிலுக்கு அடுத்தபடியா மூணாவது பெரிய இருப்பு இந்தியாவுக்காக்கும். அப்போ நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலயும் கிள்ளியூர்ப் பக்கத்துலயும் கிடக்க மணலை முழுசா அள்ளினா சீனாவை நம்பி இருக்க வேண்டாம், இல்லியா? மணல் நம்ம கையில, அப்போ பிடியும் நம்ம கையிலதானே?

மணல்கணக்கு | டிசம்பர் 1, இரவு 11.15

இருப்பு வேற, உற்பத்தி வேற மக்கா. அணுக் கனிம இயக்ககத்தின் கணக்குப்படி நாடு முழுக்க 131.5 லட்சம் டன் மோனசைட் (கருமணலில் உள்ள அருமண் கனிமம்), அதற்குள் 72.3 லட்சம் டன் அருமண் ஆக்சைடு. காகிதத்தில் பெரிய சொத்து. நீங்க சொன்ன அதே அமெரிக்கத் துறை 2024-க்குக் கொடுத்த உற்பத்திக் கணக்கையும் பாருங்க: சீனா 2,70,000 டன், அமெரிக்கா 45,000 டன், இந்தியா 2,900 டன். நாம் சீனாவின் நூற்றில் ஒரு பங்கு.

இன்னொன்று. சீனா 2025 ஏப்ரல் 4-ல் கட்டுப்படுத்தியது 7 தனிமங்களை: சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், யிட்ரியம். காந்தத்தில் பெரும்பங்கு வகிக்கும் நியோடிமியமும் பிரசியோடிமியமும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. நம் மணலில் அதிகம் இருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம், பிரசியோடிமியம். பூட்டு விழுந்த டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் மிகச் சொற்பம். எது நம்மிடம் கிடையாதோ அதைப் பார்த்துத்தான் பூட்டியிருக்கிறார்கள்.

கடப்புறத்தான் | டிசம்பர் 2, காலை 7.05

அந்த ரெண்டும் இல்லாம காந்தம் செய்ய முடியாதா?

மணல்கணக்கு | டிசம்பர் 2, காலை 8.30

செய்யலாம். குளிர்ச்சியான இடத்தில் வேலை செய்யும். டிஸ்ப்ரோசியம் சேர்க்காத நியோடிமியம் காந்தம் சுமார் 80 டிகிரி வரை தாங்கும். மின்சார வண்டி மோட்டாருக்குள் வெப்பம் 150 டிகிரியைத் தொடும். எதிர்க்காந்தப் புலமும் சேர்ந்து அடிக்கும்போது காந்தம் பாதி வலுவை இழந்துவிடும், ஆறினாலும் திரும்ப வராது. அதற்காகத்தான் எடையில் சில சதவீதம் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ போடுகிறார்கள். ஒலிபெருக்கி, சின்ன மின்விசிறி இதற்கெல்லாம் அது வேண்டாம்.

சமாரியம் மட்டும் நம் மோனசைட்டில் உபயோகமான அளவில் உண்டு. சமாரியம்-கோபால்ட் காந்தம் அதிக வெப்பம் தாங்கும். விசாகப்பட்டினத்தில் ஐ.ஆர்.இ. (மத்திய அரசின் அருமண் நிறுவனம்) அதற்கென்று ஆலை வைத்திருக்கிறது, 2023 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். அதன் ஆண்டுத் திறன் 3,000. டன் இல்லை, கிலோ. ராணுவம், விண்வெளித் தேவைக்குச் சரி. ஸ்கூட்டர் கம்பெனிக்குக் காணாது. கோபால்ட்டும் வெளிநாட்டிலிருந்துதான் வரணும்.

மணல்கணக்கு | டிசம்பர் 2, இரவு 10.20

காலையில் நேராகக் காந்தத்துக்குத் தாவிவிட்டேன். மணலிலிருந்து வரிசையாகச் சொல்லுதேன். இந்த வரிசை தெரிந்தால்தான் பிடி எங்கே இருக்கிறது என்று புரியும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்து அலை கரையை அரிக்கும்போது லேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு கனமான கருமணலை விட்டுவிட்டுப் போகும். வெள்ளை மணலான குவார்ட்சின் ஒப்படர்த்தி 2.65, கருமணலில் உள்ள இல்மனைட், சிர்க்கான், மோனசைட் எல்லாம் 4.5-க்கு மேல். கடல் ஓசியில் செய்து தருகிற முதல் சலிப்பு அது. மணவாளக்குறிச்சி ஆலைக்குப் பெருமளவு மணல் சுற்றியுள்ள ஐந்து கிராமத்து மீனவர்கள் கரையில் வாரிக் கொடுப்பதுதான்.

ஆலைக்குள் நடப்பது பௌதிகம் மட்டும், ரசாயனம் கிடையாது. சுருள் ஓடைகளில் தண்ணீரோடு ஓடவிட்டு இலேசானதைத் தள்ளுவார்கள். காயவைத்து உயர் மின்னழுத்த உருளையில் விட்டால் மின்சாரம் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் ஒரு பக்கம், கடத்தாத மோனசைட், சிர்க்கான், கார்னெட், சில்லிமனைட் மறு பக்கம். அப்புறம் காந்தம்: இல்மனைட் ஒட்டும், ரூட்டைல் ஒட்டாது; மோனசைட் கொஞ்சமாக ஒட்டும், சிர்க்கான் ஒட்டவே ஒட்டாது. ஈரம் இருந்தால் மின்பிரிப்பு குழம்பிவிடும். உப்பு சரியாகக் கழுவப்படாவிட்டாலும் அதே கதை.

ஆலையின் பெயரளவுத் திறன் ஆண்டுக்கு இல்மனைட் 90,000 டன், ரூட்டைல் 3,500, கார்னெட் 10,000, மோனசைட் 3,000. அள்ளுகிற மணலில் பெரும்பாலும் வெள்ளைப் பெயிண்டுக்குப் போகிற சரக்கு. அருமண் அதில் ஒரு ஓரம்.

மோனசைட்டை ஒடிசாவின் சத்ரபூரில் மாவாக அரைத்து, காஸ்டிக் சோடாக் கரைசலில் 140 டிகிரி அளவில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். பாஸ்பேட் தனியே பிரிந்து, சோப்புத் தொழிலுக்கான டிரைசோடியம் பாஸ்பேட்டாக வெளியே போகும். மிஞ்சும் களியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அளந்து கரைத்தால் அருமண் கரையும், தோரியம் கரையாமல் நிற்கும். அமிலம் கூடிப்போனால் தோரியமும் சேர்ந்து கரைந்து வரும். குறைந்தால் அருமண் களியிலேயே தங்கிவிடும். ரேடியத்தையும் ஈயத்தையும் பேரியம் சல்பேட், சல்பைடு கொண்டு தனியாக இறக்கணும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது கலப்பு அருமண் குளோரைடு. இதுவரை தனித் தனிமம் எதுவும் கைக்கு வரவில்லை.

அது கேரளத்து ஆலுவாவுக்குப் போய் மண்ணெண்ணெயில் கலந்த பாஸ்பரஸ் அமிலக் கரைப்பானோடு தொட்டி தொட்டியாகக் கலக்கிப் பிரியும். பக்கத்துப் பக்கத்துத் தனிமங்களின் ரசாயன குணம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஒரு தொட்டியில் கொஞ்சம்தான் நகரும். நூற்றுக்கணக்கில் தொட்டி வேண்டும். ஓட்டம் சமநிலைக்கு வரவே வாரக்கணக்கு ஆகும், நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து. சீனா 30 வருஷமாக இந்த இடத்தில்தான் பணத்தையும் ஆளையும் கொட்டியது.

குலசேகரம்_ரப்பர் | டிசம்பர் 3, காலை 6.50

இவ்வளவு நேரம் வாசிச்சு கடைசியில நம்ம ஊர்ல என்ன தங்குது? குழி. ரப்பர்லயும் இதேதான் கதை. ரப்பர் ஷீட்டுக்கு இறக்குமதித் தீர்வை 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது. டயர்காரன் என்ன செஞ்சான்? ஷீட்டை விட்டுட்டு கலப்பு ரப்பரா (ரசாயனம் கலந்த ரப்பர்) இறக்கினான், அதுக்கு 10 சதவீதந்தான். அதை ஏத்த 2023 பட்ஜெட் வரைக்கும் காத்திருக்கணும். சரக்கு வச்சிருக்கவனுக்கு எப்பவும் கடைசி நாற்காலி.

மணல்கணக்கு | டிசம்பர் 3, காலை 9.00

அண்ணே, உதாரணம் சரியானதுதான், ஆனா ஒரு வித்தியாசம். ரப்பரில் கொள்கை ஓட்டை நம் பக்கம். தென்கிழக்கு ஆசிய நாடுகளோடான ஆசியான் வர்த்தக ஒப்பந்தத்தில் ஷீட்டை விலக்குப் பட்டியலில் வைத்துவிட்டு பக்கத்து வாசலைத் திறந்து வைத்தோம். அருமண்ணில் தீர்வையால் ஒன்றும் ஆகாது. இறக்குமதிக்கு 100 சதவீதம் போட்டாலும் உள்ளூரில் அந்தக் காந்தம் செய்கிற ஆலை வேண்டுமே.

மணல்கணக்கு | டிசம்பர் 3, இரவு 9.45

இனி கணக்கு. திட்டத்தின் இலக்கு ஆண்டுக்கு 6,000 டன் காந்தம், அதிகபட்சம் 5 நிறுவனங்கள், ஒருவருக்கு 1,200 டன் வரை. காந்த எடையில் சுமார் 30 சதவீதம் நியோடிமியம்-பிரசியோடிமியம், மிச்சம் இரும்பு, ஒரு சதவீதம் போரான். 6,000 டன்னுக்கு 1,800 டன் உலோகம். ஆக்சைடு எடையில் உலோகம் 86 சதவீதம்தான். ஆகவே 2,100 டன் ஆக்சைடு.

ஒரு டன் மோனசைட்டில் 55 முதல் 60 சதவீதம் அருமண் ஆக்சைடு. அதில் இந்த இரண்டும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். ஆக டன்னுக்கு 120 கிலோ. 2,100 டன் வேண்டுமென்றால் 17,500 டன் மோனசைட். மணவாளக்குறிச்சி முழுத்திறனில் ஓடினால் 3,000 டன். அதாவது ஐந்து நிறுவனங்களில் ஒருவருக்கே நம் ஆலையின் மொத்த மோனசைட்டும் போதாது.

தக்கலை வாசகி | டிசம்பர் 4, மதியம் 1.10

அறுப்புச் சேதாரத்தை விட்டுட்டீங்களே. காந்தக் கட்டியை அறுத்து, தேய்த்து வடிவத்துக்குக் கொண்டு வரும்போது கால்வாசி தூளாகிப் போகும். சின்ன வடிவமாக இருந்தால் இன்னும் கூட.

மணல்கணக்கு | டிசம்பர் 4, இரவு 8.20

சேர்த்துக்கொள்ளுங்க அக்கா. கால்வாசி போனால் 6,000 டன் காந்தத்துக்கு 8,000 டன் கட்டி. 2,400 டன் உலோகம். 2,800 டன் ஆக்சைடு. 23,000 டன் மோனசைட். சத்ரபூர் ஆலையின் திறன் ஆண்டுக்குச் சுமார் 11,200 டன் கலப்புக் குளோரைடு, அதை ஆக்சைடாகக் கணக்கிட்டால் பாதிக்கும் கீழே வரும். இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கணும். அறுப்புத் தூளைத் திரும்ப எடுக்கும் வசதி உள்ளூரில் வந்தால் கொஞ்சம் குறையும். சீனாவில் அது தனித் தொழிலாகவே நடக்கிறது.

ஆக்சைடுக்குப் பிறகு உள்ள படிகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் அங்கேதான் போகும். புளோரைடு உருக்கில் 1,050 டிகிரியில் மின்பகுப்பு செய்து உலோகம். இரும்பும் போரானும் சேர்த்து மெல்லிய செதிலாக வார்ப்பது. ஹைட்ரஜன் ஏற்றினால் செதில் தானே நொறுங்கும். பிறகு வாயுத் தாரையில் 3 முதல் 5 மைக்ரான் பொடியாக அரைப்பது. காற்றுப் பட்டால் இந்தப் பொடி பற்றிக்கொள்ளும், ஆகவே எல்லாம் நைட்ரஜனுக்குள். காந்தப் புலத்துக்குள் வைத்து அழுத்தி, வெற்றிடத்தில் சுட்டு, அறுத்து, நிக்கல் முலாம் பூசி, கடைசியாகக் காந்தமேற்றுவது. ஆக்சிஜன் கொஞ்சம் கூடினால் அந்தத் தடவை சுட்ட சரக்கு மொத்தமும் இரண்டாந்தரம். திட்டத்தின் பெரும்பகுதியான 6,450 கோடியை விற்பனைக்கு ஏற்ற ஊக்கத்தொகையாக வைத்தது சரி என்பேன். கட்டடம் கட்டிக் காட்டினால் காசு என்று வைத்திருந்தால் கட்டடம்தான் வரும்.

கடப்புறத்தான் | டிசம்பர் 5, காலை 6.30

ஜப்பானுக்கு நாமதான் அனுப்பிக்கிட்டு இருந்தோமே? அதை நிறுத்தினா சரக்கு மிச்சம் ஆகாதா?

மணல்கணக்கு | டிசம்பர் 5, இரவு 10.05

2012 ஒப்பந்தம் அது. ஐ.ஆர்.இ. சரக்கை டொயோட்டா குழுமத்தின் விசாகப்பட்டினம் துணை நிறுவனம் வாங்கி, பதப்படுத்தி, ஜப்பானுக்கு அனுப்பும். இந்த ஜூனில் மத்திய அரசு அதை நிறுத்தச் சொன்னதாகச் செய்தி. நிறுத்தினால் சரக்கு மிஞ்சும்தான். எங்கே வைப்பது? பெரிய காந்த ஆலை ஒன்று கூட உள்ளே இல்லாத நாட்டில் ஆக்சைடு மூட்டை கிடங்கில்தான் கிடக்கும்.

இதில் வெளியுறவுச் சிக்கல் ஒன்று. ஜூனில் ஜப்பானுக்கு நிறுத்து என்கிறோம்; ஜூலை 1-ல் அதே ஜப்பானோடு குவாட் (இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா) கூட்டத்தில் முக்கியக் கனிமங்களுக்கான கூட்டு முயற்சி அறிவிக்கிறோம். ஜப்பான் 2010-ல் சீனாவோடு நடந்த சென்காகு தீவுத் தகராறில் அருமண் வரத்து தடைப்பட்டுச் சூடு பட்ட நாடு. ஒரே நாட்டை நம்பக் கூடாது என்பதற்காகத்தான் இந்தியாவுக்கே வந்தார்கள். உலோகமாக்கும் நுட்பமும் காந்த நுட்பமும் அவர்களிடம்தான் கற்கணும். சரக்கை நிறுத்திவிட்டு நுட்பம் கேட்டால் என்ன விலை சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்க.

உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போடலாமே என்பார்கள். 2012-ல் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் மூன்றும் போட்டு 2014-ல் ஜெயித்தன. 2015 தொடக்கத்தில் சீனா ஏற்றுமதி ஒதுக்கீட்டை எடுத்தது. இன்றைக்கு ஒதுக்கீடு இல்லை, உரிமம். காரணம் தேசப் பாதுகாப்பு. அந்த அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வும் 2019 டிசம்பரிலிருந்து செயல்படவில்லை.

மணல்கணக்கு | டிசம்பர் 6, மாலை 5.30

நேற்று எழுதியதற்குத் தொடர்ச்சி. மணலை வைத்துப் பேரம் பேசுவது நம் கரைக்குப் புதுசு இல்லை.

1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது அதன் தொடர்ச்சி. அன்றைக்குத் தேவை தோரியம். தெருவிளக்குக் கேஸ் மேண்டிலில் 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, ஒரு சதவீதம் சீரியம் ஆக்சைடு. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர் கையிலிருந்து பிரிட்டிஷ்காரர் கைக்குப் போனது. மின்விளக்கு பரவியதும் மேண்டில் சந்தை சுருங்கியது.

1947-ல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூரைத் தனி நாடாக்க நினைத்தபோது அவர் கையில் இருந்த சீட்டுகளில் ஒன்று இந்த மோனசைட். பிரிட்டனும் அதற்காகப் பேசியது. சீட்டு செல்லவில்லை. 1951-ல் நாம் அமெரிக்காவிடம் 19 கோடி டாலர் கோதுமைக் கடன் கேட்டபோது அங்கே மோனசைட்டைப் பதிலுக்குக் கேட்கணும் என்று பேச்சு எழுந்தது. நேரு நிபந்தனைக்கு இசையவில்லை. 1953-ல் தோரியம் நைட்ரேட் சீனாவுக்குப் போனது தெரிந்து அமெரிக்க உதவியே நின்றுவிடுமோ என்ற நிலை வந்து, பேசித் தீர்த்தார்கள். அன்று சீனா வாங்கும் இடத்தில் இருந்தது.

மூன்று தடவையும் மணல் கவனத்தை ஈர்த்தது, பேச்சு மேசைக்கு நம்மைக் கூப்பிட வைத்தது. முடிவை எழுதியது பதப்படுத்தத் தெரிந்தவர்.

குலசேகரம்_ரப்பர் | டிசம்பர் 6, இரவு 7.15

சி.பி.யும் கடைசியில பதவியை விட்டுட்டுப் போனாரு. ஷீட் ரப்பர வச்சு எவனும் தனி நாடு கேக்கல, அந்த மட்டும் நல்லது.

தக்கலை வாசகி | டிசம்பர் 7, காலை 11.00

உலக அரசியலெல்லாம் சரி. கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு, கிள்ளியூர்ப் பக்கத்து இந்தக் கிராமங்களில் 1,144 ஹெக்டேரில் மணல் அள்ள ஐ.ஆர்.இ. திட்டம். அதைப் பற்றி ஒரு வரி கூட வரவில்லையே. 2024 அக்டோபர் 1-க்கு வைத்த கருத்துக்கேட்பும் ஒத்திப்போனது. இப்போ அது நடக்குமா?

மணல்கணக்கு | டிசம்பர் 7, இரவு 9.50

2025 செப்டம்பர் 8-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது: அணுக் கனிமம், முக்கியக் கனிமம் எடுக்கும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம், மத்திய அளவிலேயே பரிசீலனை. தமிழ்நாடு முதல்வர் அதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்கு எழுதினார். சட்டத்தை ஒரு குறிப்பாணையால் எவ்வளவு தூரம் மாற்றலாம் என்பது நீதிமன்றத்தில் எடுபடக்கூடிய கேள்வி.

என் கருத்து: இந்த விலக்கு திட்டத்தை வேகப்படுத்தாது. 2013-ல் மாநில அரசு தாதுமணல் அள்ளத் தடை போட்டதிலிருந்து, 2025 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வு விசாரணைக்கு உத்தரவிட்டது வரை, இந்தக் கடற்கரையில் மணல் என்ற சொல்லுக்கே நம்பிக்கை கிடையாது. அரசு நிறுவனம் வந்தாலும் அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டே வரும். கேட்க வேண்டிய கேள்வியை மண்டபத்தில் கேட்கவிடாவிட்டால் ரோட்டில் கேட்பார்கள். ஒரு வருஷ மறியல் இரண்டு கருத்துக்கேட்பை விடச் செலவு அதிகம்.

கதிர்வீச்சு பற்றி இரு பக்கமும் மிகையாகப் பேசுகிறார்கள். மோனசைட்டை எடுத்துவிட்டு வெறும் மணலைத் திரும்பக் கொட்டினால் அந்த இடத்தில் கதிர்வீச்சு குறையும் என்பது உண்மை. இயற்கைக் கதிர்வீச்சு அதிகமுள்ள கருநாகப்பள்ளியில் நடந்த பெரிய ஆய்வு, அதனால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த ஆய்வு மணல் மேல் வசிப்பவர்களைப் பற்றியது. காய்ந்த மோனசைட் தூசியைச் சுவாசிக்கும் ஆலைத் தொழிலாளி கணக்கு வேறு.

தோரியமும் இருக்கிறது. மோனசைட்டில் 8 முதல் 10 சதவீதம். மேலே சொன்ன 23,000 டன்னை உடைத்தால் ஆண்டுக்குச் சுமார் 2,000 டன் தோரியம் ஆக்சைடு சேரும். அதை விற்கவும் முடியாது, கொட்டவும் முடியாது. தோரிய உலைகள் வரும் வரை காத்து வைக்கணும். சீனாவின் களிமண் சுரங்கத்துக்கு இந்தப் பாரம் இல்லை.

மணல்கணக்கு | டிசம்பர் 9, இரவு 8.40

களிமண் என்றதும் ஞாபகம். டிஸ்ப்ரோசியம் எங்கே கிடைக்கும் என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தென்சீனக் களிமண்ணிலும், அதைத் தொட்டுள்ள மியான்மாரின் கச்சின் மாநிலத்திலும். பாங்வா சுரங்கப் பகுதியை 2024 அக்டோபரில் கச்சின் விடுதலைப் படை பிடித்தது. அவர்களிடமிருந்து மாதிரி எடுக்க இந்தியத் தரப்பு முயல்வதாக இந்த செப்டம்பரில் செய்தி வந்தது. மியான்மார் ராணுவ அரசோடு உறவு வைத்துக்கொண்டே அதன் எதிரியிடம் மண் வாங்குவது; வாங்கினாலும் மணிப்பூர், நாகாலாந்து, அருணாசல எல்லை மலைகளைத் தாண்டிக் கொண்டு வருவது. சீனாவுக்கு அதே சுரங்கத்திலிருந்து லாரி நேராகப் போகிறது. எளிதில் நடக்கும் என்று நான் நம்பவில்லை.

விலையையும் பார்க்கணும். சீனா நினைத்தால் விலையை இறக்கி புதிய ஆலையை ஒரு வருஷத்தில் படுக்க வைக்கும். அமெரிக்கா இந்த ஜூலையில் தன் நிறுவனத்துக்கு நியோடிமியம்-பிரசியோடிமியம் கிலோவுக்கு 110 டாலர் அடிமட்ட விலை உறுதி கொடுத்தது அதனால்தான். நம் திட்டத்தில் ஊக்கத்தொகை 5 வருஷம். ஆறாவது வருஷம் யார் வாங்குவார் என்பதற்கு எனக்கு விடை தெரியலை.

கடப்புறத்தான் | டிசம்பர் 10, காலை 6.15

சரி, கேள்வியையே மாத்திக்கிடுதேன். ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு) காந்த மோட்டார் வந்தா இந்தத் தலைவலியே வேண்டாம்லா? அப்புறம், கிள்ளியூர் மணல் திட்டத்தோட சுற்றுச்சூழல் அறிக்கையை எங்க ஊர்ல ரெண்டு பேர் வாசிக்கப் போறோம். எதைப் பாக்கணும்?

மணல்கணக்கு | டிசம்பர் 10, இரவு 9.30

ஃபெரைட்டுக்கு அருமண் வேண்டாம், ஆனால் அதே முறுக்குவிசைக்கு மோட்டார் பெரிதாகும், கனமாகும். ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் ஒத்துவரும். காருக்கு இடம் நெருக்கும். தேவையில் ஒரு பகுதியை அது குறைக்கும் என்றால் அதுவே பேரத்தில் பெரிய பலம்.

அறிக்கை: சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடி முழு அறிக்கையையும் இறக்குங்க, சுருக்கம் போதாது. சுரங்கத் திட்ட அத்தியாயத்தில் தோண்டும் ஆழமும் கோடைக்கால நிலத்தடி நீர்மட்டமும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்க. தோண்டும் ஆழம் நீர்மட்டத்தைத் தாண்டினால் கிணற்றில் உப்பேறும் கேள்வி வரும். கரையோர அரிப்பு ஆய்வு எந்த மாதங்களில் அளந்தது, அரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவுகள் கட்டியதற்குப் பிந்திய அளவா என்று பாருங்க. மோனசைட் எந்த வழியில், எப்படி மூடி, எங்கே போகிறது என்பது தனிப் பத்தியாக இருக்கணும். அள்ளும் மணல், திரும்பக் கொட்டும் மணல் இரண்டும் ஒரே அலகில் இருக்காது, ஒன்று டன், மற்றது கனமீட்டர். சாதாரண மணலுக்குக் கனமீட்டருக்கு 1.6 டன் போடுங்க. கருமணல் கூடினால் 2-க்கு மேல் போகும். அந்த வித்தியாசத்தில்தான் எத்தனை அடி பள்ளம் மிஞ்சும் என்பது வரும்.